மார்பில் கட்டி, குடும்பத்தில் புற்றுநோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்பகச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை செய்கிறேன். மருத்துவரிடம் கேட்கத் தயங்கியதை வெளியே வந்து என்னிடம் கேட்பவர்கள் நிறையப் பேர். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அம்மாவுக்கோ அக்காவுக்கோ புற்றுநோய் வந்த வீட்டுப் பெண் தன் மார்பில் ஒரு கட்டியைத் தொட்டுவிட்டால் அவருடைய பயம் மற்றவர்களுடையதைப் போல இருப்பதில்லை. அந்த நோயோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தவர் அவர். அவர்களுக்காகத்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். உங்களை நேரில் பரிசோதித்த மருத்துவர் சொல்வது இதிலிருந்து வேறுபட்டால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிக்கும்போது கையில ஒரு கட்டி தட்டுப்பட்டது. எங்கம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது. அப்போ இதுவும் அதுதானா?

அப்படி முடிவு கட்ட வேண்டாம். மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அம்மாவுக்குப் புற்றுநோய் வந்த பெண்ணுக்கும் சாதாரணக் கட்டிகள் மற்றவர்களைப் போலவே வரும்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம் மனதில் நின்றால் போதும் என்றால் அது இதுதான்: குடும்ப வரலாறு, கட்டி என்ன என்பதைச் சொல்லாது. எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும், எவ்வளவு முழுமையாகப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்லும். கட்டி என்ன என்பதைச் சோதனைதான் சொல்ல முடியும். "அம்மாவுக்கு வந்துச்சு, எனக்கும் வந்துடுச்சு" என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டு மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பலருக்கு அது வெறும் நீர்க்கட்டியாக இருந்தது. அத்தனை மாதமும் அவர்கள் தூங்கவில்லை.

கேன்சர் இல்லைன்னா வேற என்ன கட்டி அது?

இளம் வயதில் அதிகம் வருவது ஃபைப்ரோஅடினோமா. உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் கோலிக்குண்டு போல நழுவி ஓடும். முப்பத்தைந்து வயதிலிருந்து மாதவிடாய் நிற்கும் காலம் வரை நீர்க்கட்டிகள் அதிகம். மாதவிடாய்க்கு முன் பெரிதாகி, வலித்து, பிறகு சுருங்குவது அவற்றின் இயல்பு. இவை தவிரக் கொழுப்புக் கட்டி, சீழ்க்கட்டி, பால் தேங்கிய கட்டி, அடிபட்ட இடத்தில் கொழுப்பு இறுகிப்போவது என்று இன்னும் சில உண்டு.

சில நேரம் கட்டியே இருக்காது. மார்பகத் திசு இயல்பாகவே முடிச்சு முடிச்சாக இருக்கும், முக்கியமாக அக்குளை ஒட்டிய மேல்பகுதியில். மெலிந்த பெண்களுக்கு விலா எலும்பின் விளிம்பே கட்டி மாதிரித் தட்டும். மறுபக்க மார்பில் அதே இடத்தைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் பெரும்பாலும் அது உங்கள் உடம்பின் அமைப்பு. ஆனால் இதை உறுதிசெய்ய வேண்டியதும் மருத்துவர்தான்.

வலி இருந்தா கேன்சர் இல்லைன்னு சொல்றாங்களே, நிஜமா?

பாதி நிஜம். மாதவிடாயை ஒட்டி வந்துபோகும் வலி, இரண்டு மார்பிலும் ஒன்றாக வரும் வலி ஆகியவற்றுக்குக் காரணம் பெரும்பாலும் ஹார்மோன். மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காமல்தான் இருக்கும். அதனால்தான் "வலி இல்லையே, ஒண்ணும் இருக்காது" என்று விட்டுவிடுவது ஆபத்து. ஆனால் வலியோடு வந்த புற்றுநோயும் உண்டு. வலிக்கிறதா இல்லையா என்பதை வைத்துக் கட்டியைத் தள்ளிவிடாதீர்கள்.

வலியை விட முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை வேறு. கட்டி கல் போலக் கெட்டியாக, ஒழுங்கற்ற விளிம்போடு, நகராமல் இருப்பது, தோல் ஓரிடத்தில் உள்ளே இழுபடுவது, தோல் தடித்துச் சிறு சிறு குழிகளாகத் தெரிவது, இதுவரை வெளியே இருந்த காம்பு உள்வாங்குவது, காம்பில் ஆறாத புண் அல்லது செதில், அழுத்தாமலே ஒரு பக்கக் காம்பிலிருந்து ரத்தமோ தெளிந்த நீரோ கசிவது, அக்குளில் கட்டி. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த பீரியட்ஸ் முடியுற வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாமா?

குடும்பத்தில் யாருக்கும் இல்லாத இளம்பெண்ணிடம், சந்தேகப்படும்படி எதுவும் இல்லாத கட்டி என்றால், ஒரு மாதவிடாய்ச் சுழற்சி பார்த்துவிட்டு வரச் சொல்வதுண்டு. உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்திருந்தால் காத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை. இன்றே நேரம் வாங்கிவிடுங்கள். அதற்குள் கட்டி தானாகக் கரைந்தாலும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் குடும்ப வரலாற்றைப் பற்றிப் பேச அது ஒரு வாய்ப்பு.

இன்னொன்று: அதைத் தினமும் பத்து முறை அழுத்திப் பார்க்காதீர்கள். திசு கன்றிப்போய் வலிக்கும், அந்த வலியே புதுப் பயத்தைக் கிளப்பும்.

டாக்டர்கிட்ட போனா என்ன செய்வாங்க?

மூன்று படிகள். முதலில் கையால் பரிசோதிப்பது: இரண்டு மார்பு, இரண்டு அக்குள், கழுத்தெலும்பின் மேல்பகுதி. அடுத்து படம்: அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், மேமோகிராம் (மார்பகத்தின் எக்ஸ்ரே), அல்லது இரண்டும். மூன்றாவது, தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பது (பயாப்ஸி). இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். மூன்றும் "சாதாரணக் கட்டி" என்று சொன்னால் அந்த முடிவை மிகவும் நம்பலாம். ஒன்று மட்டும் வேறு மாதிரிச் சொன்னால் விஷயம் முடியவில்லை. இதைப் பின்னால் வரும் கேள்விகளிலும் சொல்வேன்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: கட்டியை முதலில் எப்போது கவனித்தீர்கள், அளவு மாறியதா, கடைசி மாதவிடாய் தேதி, சாப்பிடும் மாத்திரைகள், குடும்பத்தில் யாருக்கு எந்தப் புற்றுநோய், எந்த வயதில். மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும். எல்லோருக்கும் அப்படித்தான்.

எனக்கு 26 வயசு. ஸ்கேன் மட்டும் எடுத்தாங்க, மேமோகிராம் வேண்டாம்னுட்டாங்க. அம்மாவுக்கு இருந்ததால நான் கேட்டு வாங்கணுமா?

அவர்கள் செய்தது சரி. 30 வயதுக்குள் மார்பகம் சுரப்பித் திசுவால் அடர்ந்திருக்கும். மேமோகிராமில் அந்தத் திசுவும் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத் தெரியும். ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடும். அல்ட்ராசவுண்டில் கட்டி தனியாகத் தெரியும், உள்ளே நீரா சதையா என்பதும் தெரியும். அதனால் இந்த வயதில் முதல் படம் அதுதான். 40 வயதைத் தாண்டியவருக்கு மேமோகிராமிலிருந்து தொடங்குவார்கள், கூடவே ஸ்கேனும் எடுப்பார்கள். இடைப்பட்ட வயதில் மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். ஸ்கேனில் சந்தேகம் வந்தால் 26 வயதிலும் மேமோகிராம் எடுப்பதுண்டு.

மேமோகிராமின் கதிர்வீச்சுக்குப் பயப்படுபவர்களுக்கு: இயற்கையாகவே நம்மைச் சுற்றி இருக்கும் கதிர்வீச்சிலிருந்து ஏழு வாரங்களில் நம் உடம்பு வாங்கும் அளவுதான் ஏறக்குறைய அது. தேவைப்படும்போது அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

ரிப்போர்ட்ல பைராட்ஸ் 3ன்னு போட்டிருக்கு. மூணாவது ஸ்டேஜா?

இல்லவே இல்லை. இந்தக் குழப்பத்தால் ஸ்கேன் அறை வாசலிலேயே அழுதவர்கள் உண்டு. நோயின் நிலையைச் சொல்லும் எண் அல்ல அது. படத்தைப் பார்த்தவருக்கு எவ்வளவு சந்தேகம் என்பதைச் சொல்லும் எண். 1 என்றால் ஒன்றும் இல்லை. 2 என்றால் தெளிவாகத் தெரியும் சாதாரண விஷயம். 3 என்றால் சாதாரணமாகத்தான் இருக்க வேண்டும், புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, ஆறு மாதத்தில் மறுபடி படம் எடுத்துப் பார்ப்போம் என்று பொருள். 4 என்றால் திசு எடுத்துப் பார்த்தாக வேண்டும். இதன் வாய்ப்பு 2 முதல் 95 சதவீதம் வரை நீள்வதால் 4ஏ, 4பி, 4சி என்று பிரிப்பார்கள். 4ஏ போட்ட கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணமாகவே முடியும். 5 என்றால் வலுவான சந்தேகம். 6 என்பது ஏற்கெனவே புற்றுநோய் என்று உறுதியானவர்களுக்கு. 0 என்றால் இந்தப் படம் போதவில்லை, இன்னொன்று வேண்டும் என்று பொருள்.

ஊசி குத்தினா கட்டி கலைஞ்சு உடம்பெல்லாம் பரவிடும்னு எங்க பெரியம்மா சொல்றாங்க.

பயாப்ஸியால் புற்றுநோய் உடம்பெங்கும் பரவுவதில்லை. பயந்து தள்ளிப்போட்ட மாதங்களில் கட்டி வளர்வதுதான் உண்மையான ஆபத்து. ஊசி போட்ட பிறகு நோய் தெரியவந்து, அதற்குப் பின் உடல்நிலை மோசமானவரைப் பார்த்தவர்கள் பழியை ஊசி மேல் போட்டுவிட்டார்கள். பெரியம்மா மேல் கோபப்பட வேண்டாம். அந்தப் பயத்தோடு அவர் யாரையாவது இழந்திருக்கலாம்.

என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். முதலில் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசி. சுரீரென்று இருப்பது அது ஒன்றுதான். பிறகு தோலில் சில மில்லிமீட்டர் கீறல். ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே கொஞ்சம் தடித்த ஊசியைக் கட்டிவரை கொண்டுபோவார்கள். திசுவை வெட்டும் நொடியில் கருவி "டக்" என்று சத்தம் போடும். வலியை விட அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லோரும் திடுக்கிடுவார்கள். நான் கூட இருந்தால், தொடங்கும் முன்பே அதை ஒருமுறை சொடுக்கிக் கேட்க வைத்துவிடுவேன். மெல்லிய நீளத் துண்டுகள் சில எடுத்து ஃபார்மலின் குப்பியில் போடுவார்கள். பிறகு சில நிமிடம் அழுத்திப் பிடித்து ஒரு பிளாஸ்திரி. தையல் கிடையாது. சில நாள் கன்றி நீலம் பாரித்திருக்கும், அவ்வளவுதான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ரத்தப் பரிசோதனையிலேயே தெரிஞ்சுடாதா?

தெரியாது. சிஏ 15-3 போன்ற சோதனைகள், நோய் ஏற்கெனவே உறுதியான சிலருடைய சிகிச்சையைக் கண்காணிக்கப் பயன்படுபவை. ஆரம்பப் புற்றுநோயில் அவை இயல்பாகவே இருக்கலாம். புற்றுநோய் இல்லாத காரணங்களாலும் ஏறலாம். கட்டி உள்ளவருக்கு அந்த எண் நிம்மதியும் தராது, விடையும் தராது. உடல் வெப்பத்தைப் படம் பிடிக்கும் தெர்மோகிராமும் மேமோகிராமுக்கு மாற்று அல்ல.

மேமோகிராம் நார்மல். ஆனா கட்டி கைக்கு நல்லாத் தெரியுது. விட்டுடலாமா?

விடக்கூடாது. மூன்று படிகளும் ஒத்துப்போக வேண்டும் என்று மேலே சொன்னது இதற்குத்தான். மேமோகிராம் எல்லாப் புற்றுநோயையும் காட்டிவிடாது, அடர்ந்த மார்பகத்தில் தவறவிடும் வாய்ப்பு இன்னும் அதிகம். கைக்குத் தெரியும் கட்டிக்கு மேமோகிராம் சுத்தம் என்றால், அந்த இடத்தில் ஸ்கேன் பார்க்க வேண்டும். அதன் பிறகும் மருத்துவரின் கைக்குச் சந்தேகம் இருந்தால் திசு எடுக்க வேண்டும். அதேபோல, பயாப்ஸி "ஒன்றுமில்லை" என்று வந்து, படம் மட்டும் 5 என்று சொன்னால், ஊசி சரியான இடத்தில் பட்டதா என்று கேட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

அங்கே நீங்கள் கேட்க வேண்டிய ஒரு வாக்கியம்: "கையால் பார்த்தது, ஸ்கேன், பயாப்ஸி மூன்றும் ஒத்துப்போகிறதா, டாக்டர்?" இதைக் கேட்பதால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குடும்ப வரலாறுன்னா யார் யாரைச் சொல்லணும்? எங்க அத்தைக்குத்தான் இருந்தது, அம்மா பக்கம் யாருக்கும் இல்ல.

அப்பா பக்கமும் அம்மா பக்கமும் சம எடை. ஒருவருடைய மரபணுக்களில் பாதி அப்பாவிடமிருந்து வருகிறது. கோளாறுள்ள மரபணு அப்பாவிடம் இருந்தால் அவருக்கு நோய் வராமலே மகளுக்குப் போகலாம். அப்பாவின் அக்கா தங்கைகளும், அப்பாவைப் பெற்ற பாட்டியும் கணக்கில் உண்டு. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெண்கள் சம்பந்தப்பட்ட நோய் அம்மா வழியாகத்தான் வரும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள்.

ரத்த உறவு மட்டுமே கணக்கு. மாமாவின் மனைவியை அத்தை என்றும், பெரியப்பாவின் மனைவியைப் பெரியம்மா என்றும் கூப்பிடுவோம். அவர்களுக்கு வந்தது உங்கள் மரபணுவில் சேராது. மார்பகத்தோடு நிறுத்தாமல் சினைப்பை, கணையம், புராஸ்டேட் புற்றுநோய்களையும் சொல்லுங்கள். மருத்துவர் காது கொடுத்துக் கேட்பது இவற்றைத்தான்: 50 வயதுக்கு முன் வந்தது, இரண்டு மார்பிலும் வந்தது, ஒரே பக்கத்தில் பல பேருக்கு வந்தது, சினைப்பைப் புற்றுநோய், ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய், ட்ரிப்பிள் நெகட்டிவ் வகை (ஹார்மோனையோ ஹெர்2 புரதத்தையோ சார்ந்து வளராத மார்பகப் புற்றுநோய்). "வயித்துல கட்டி வந்து இறந்துட்டாங்க" என்று சொல்லப்படும் பாட்டியின் நோய் சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம். வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பழைய ரிப்போர்ட் ஏதாவது கிடைத்தால் இன்னும் நல்லது.

அம்மாவுக்கு 68 வயசுல வந்தது. எனக்கு வர எவ்வளவு வாய்ப்பு?

அதிக வருமானமுள்ள நாடுகளில் நடந்த 52 ஆய்வுகளைச் சேர்த்து 2001இல் ஒரு பெரிய பகுப்பாய்வு வந்தது. அம்மா, சகோதரி, மகள் என யாருக்கும் இல்லாத பெண்களில் 80 வயதுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. அந்த உறவினர்களில் ஒருவருக்கு இருந்தால் 13 பேருக்கு, இருவருக்கு இருந்தால் 21 பேருக்கு. அதாவது அம்மாவுக்கு இருந்தும் நூற்றில் 87 பேருக்கு வரவில்லை. உறவினருக்கு இளம் வயதில் வந்திருந்தால் ஆபத்து இதைவிடக் கூடும், 68 போன்ற வயதில் வந்திருந்தால் கூடுவது குறைவு.

அதே பகுப்பாய்வு சொன்ன இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: மார்பகப் புற்றுநோய் வந்த ஒன்பது பெண்களில் எட்டுப் பேருக்கு அம்மா, சகோதரி, மகள் யாருக்கும் அந்த நோய் இல்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதால் தன் கட்டியை அலட்சியம் செய்யும் தோழி உங்களுக்கு இருந்தால், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஜீன் டெஸ்ட் நான் எடுத்துக்கணுமா?

மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் ஒற்றை மரபணுக் கோளாறாகப் பரம்பரையில் இறங்குபவை. அதனால் எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. குடும்ப வரலாறு பற்றிய கேள்வியில், மருத்துவர் காது கொடுத்துக் கேட்பதாகச் சொன்னவை உங்கள் குடும்பத்தில் இருந்தால் மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. இவற்றில் முக்கியமான இரண்டு மரபணுக்களில் பிஆர்சிஏ1 1994இலும், பிஆர்சிஏ2 1995இலும் அடையாளம் காணப்பட்டன. இப்போது பால்ப்2, டிபி53, செக்2, ஏடிஎம் போன்ற மரபணுக்களையும் சேர்த்தே பார்க்கிறார்கள். ரத்தமோ எச்சிலோ போதும்.

முதலில் எடுக்க வேண்டியவர் நீங்கள் அல்ல, நோய் வந்தவர். அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கு முதலில் பாருங்கள். அவரிடம் ஒரு கோளாறு கிடைத்தால் உங்களிடம் அது இருக்கிறதா என்று தேடலாம். இருப்பதற்கான வாய்ப்பு சரிபாதி. ஒன்று தெளிவாக இருக்கட்டும்: இந்தச் சோதனை உங்கள் கட்டியைப் பற்றி எதுவும் சொல்லாது. கட்டிக்கான மூன்று படிகள் முதலில், மரபணு பிறகு.

டெஸ்ட்ல "ஒண்ணும் இல்ல"ன்னு வந்துடுச்சு. இனி பயமே வேண்டாமா?

அம்மாவுக்கு எடுத்தார்களா என்பதைப் பொறுத்தது. அம்மாவிடம் பிஆர்சிஏ1 கோளாறு இருந்து, உங்களிடம் அது இல்லை என்றால், அது உண்மையான நல்ல செய்தி. உங்கள் ஆபத்து ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும் உள்ள அளவுக்கு இறங்கிவிடுகிறது. நோய் வந்த யாருக்கும் எடுக்காமல் உங்களுக்கு மட்டும் எடுத்து "இல்லை" என்று வந்தால், அதற்கு அந்தப் பொருள் கிடையாது. குடும்பத்தில் இருப்பது இந்தச் சோதனை தேடாத ஒரு காரணமாக இருக்கலாம். கண்காணிப்பு குடும்ப வரலாற்றின்படியே தொடரும்.

"முக்கியத்துவம் தெளிவாகாத மாற்றம்" என்று வந்தால், அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கவே வேண்டாம். இத்தகைய மாற்றங்களில் பின்னால் மாற்றி வகைப்படுத்தப்படுபவை பெரும்பாலும் தீங்கற்றவை என்றே முடிகின்றன. வருடத்துக்கு ஒருமுறை ஆலோசகரிடம் "ஏதாவது மாறியிருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டால் போதும்.

பிஆர்சிஏ இருக்குன்னு வந்துடுச்சு. ரெண்டு மார்பையும் எடுத்தே ஆகணுமா?

கட்டாயம் இல்லை. முடிவு உங்களுடையது, அதற்கு நேரம் எடுத்துக்கொள்ளலாம். 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வின்படி 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு 72 சதவீதம், பிஆர்சிஏ2 உள்ளவர்களுக்கு 69 சதவீதம். சினைப்பைப் புற்றுநோய்க்கு முறையே 44, 17 சதவீதம். இவை வாழ்நாள் முழுவதுக்கும் சேர்த்த எண்கள்; நாளைக்கே வரும் என்று பொருள் இல்லை.

ஒரு வழி தீவிரக் கண்காணிப்பு: 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, 30இலிருந்து கூடவே மேமோகிராம். இது நோயைத் தடுக்காது, சீக்கிரம் கண்டுபிடிக்கும். இன்னொரு வழி இரண்டு மார்பகங்களையும் முன்கூட்டியே அகற்றுவது; ஆபத்து 90 சதவீதம் அல்லது அதற்கும் மேல் குறைகிறது, முழுக்கப் போய்விடுவதில்லை. 2013இல் நடிகை ஏஞ்சலினா ஜோலி இதைச் செய்துகொண்டதாக வெளிப்படையாக எழுதிய பிறகுதான் இந்தக் கேள்வி பலருடைய வாயில் வந்தது. மாத்திரையும் உண்டு: அதிக ஆபத்துள்ள பெண்களுக்கு ஐந்தாண்டு டமாக்ஸிஃபன் கொடுத்துப் பார்த்த 1998ஆம் ஆண்டு ஆய்வில் மார்பகப் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் அது ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகையைத்தான் தடுக்கும், பிஆர்சிஏ1இல் வருவது பெரும்பாலும் அந்த வகை அல்ல.

மார்பைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்து சினைப்பையை மறந்துவிடுகிறார்கள். சினைப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்க நம்பகமான சோதனை இல்லை. அதனால் குழந்தை பெற்று முடித்த பிறகு, பிஆர்சிஏ1 என்றால் 35-40 வயதிலும், பிஆர்சிஏ2 என்றால் 40-45 வயதிலும் சினைப்பையையும் கருக்குழாயையும் அகற்றச் சொல்கிறார்கள். இதைப் பற்றியும் கேளுங்கள்.

எனக்கு இருக்கிறது ஃபைப்ரோஅடினோமான்னு உறுதியாயிடுச்சு. ஆனா எங்க வீட்டுல மூணு பேருக்கு கேன்சர். எடுத்துடறதுதானே நல்லது?

சாதாரண ஃபைப்ரோஅடினோமா புற்றுநோயாக மாறுவது மிக அரிது. அதை எடுத்துவிட்டால் குடும்பம் தந்த ஆபத்து குறையாது. அது அந்தக் கட்டிக்குள் இல்லை. வேகமாக வளர்ந்தாலோ, மூன்று சென்டிமீட்டர் அளவைத் தாண்டினாலோ, வலி தாங்க முடியாவிட்டாலோ எடுப்பார்கள். வேகமாக வளர்வது ஃபில்லோடிஸ் என்ற வேறு கட்டியாக இருக்கலாம். மற்றபடி இருக்கட்டும்.

ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு வரும் புற்றுநோய் சில நேரம் ஸ்கேனில் உருண்டையாக, தெளிவான விளிம்போடு, ஃபைப்ரோஅடினோமா மாதிரியே தெரியும். அதனால் வலுவான குடும்ப வரலாறு உள்ளவருக்கு ஸ்கேன் தோற்றத்தை மட்டும் வைத்து "ஃபைப்ரோஅடினோமாதான்" என்று சொல்லியிருந்தால், பைராட்ஸ் 3 என்று ஆறு மாதம் பொறுப்பதற்குப் பதில் ஊசியில் திசு எடுத்து உறுதி செய்யலாமா என்று கேளுங்கள். உங்களுடையது பயாப்ஸியில் உறுதியானது என்றால் நிம்மதியாக இருங்கள். ரிப்போர்ட்டில் "ஏடிபிக்கல் ஹைப்பர்பிளேசியா" (இயல்பு மாறிய செல்கள் கூடுதலாக வளர்ந்திருப்பது) என்று இருந்தால் மட்டும் விஷயம் வேறு. அது பின்னாளைய ஆபத்தைக் கூட்டும், தனிக் கண்காணிப்பு வேண்டும்.

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கிட்டிருக்கேன். பால் கட்டிக்கிச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க.

பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் சில நாள் நன்றாகப் பால் கொடுத்தும், பீய்ச்சி எடுத்தும் கரையாத கட்டியை அந்தப் பெயரிலேயே விட்டுவைக்கக் கூடாது. சிவந்து வீங்கியதற்கு ஆன்டிபயாடிக் முழுவதும் சாப்பிட்டும் தணியவில்லை என்றால் படமும் திசுவும் பார்த்தாக வேண்டும்; அழற்சி வடிவில் வரும் புற்றுநோயும் இப்படியே சிவந்து வீங்கும். கர்ப்பத்திலும் இதே விதிதான். ஸ்கேன், ஊசிப் பரிசோதனை இரண்டும் இந்தக் காலத்தில் செய்யலாம், பால் கொடுப்பதை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. ஸ்கேனுக்குப் போகும் முன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனால் படம் தெளிவாக வரும்.

என் தம்பிக்கும் பார்க்கணுமா? அவன் ஆம்பளைதானே.

ஆண்களுக்கும் மார்பகத் திசு உண்டு, புற்றுநோயும் வரும். மொத்த மார்பகப் புற்றுநோய்களில் ஒரு சதவீதம் அளவுக்கு. காம்புக்குக் கீழே கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் அவரும் மருத்துவரிடம் போக வேண்டும். குடும்பத்தில் பிஆர்சிஏ2 உறுதியாகியிருந்தால் அவரும் சோதித்துக்கொள்வது நல்லது. புராஸ்டேட், கணையப் புற்றுநோய் ஆபத்தும் அவருக்குக் கூடுகிறது, அவருடைய மகளுக்கும் அது போகலாம்.

மாசாமாசம் தொட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ இருக்கிற மாதிரியே தோணுது. தூக்கமே போச்சு.

அப்படியானால் முறையை மாற்றுங்கள். ஷாங்காய் நகரில் சுமார் 2,66,000 பெண்களை வைத்துப் பல ஆண்டுகள் நடந்த ஆய்வின் இறுதி முடிவு 2002இல் வந்தது. சுயபரிசோதனை முறையாகக் கற்றுக்கொடுக்கப்பட்டவர்களில் புற்றுநோய் மரணம் குறையவில்லை. சாதாரணக் கட்டிகளுக்கான பயாப்ஸிதான் கூடியது. அதனால் இப்போது வலியுறுத்துவது சடங்கு போன்ற பரிசோதனையை அல்ல. உங்கள் மார்பு இயல்பாக எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருங்கள், மாற்றம் தெரிந்தால் உடனே வாருங்கள். பார்ப்பதென்றால் மாதவிடாய் முடிந்த சில நாட்களில், நடு மூன்று விரல்களின் தட்டைப் பகுதியால், ஒரே ஒருமுறை. அவ்வளவு போதும்.

அதோடு ஆண்டுக்கண்காணிப்பு எப்போது தொடங்க வேண்டும் என்று மருத்துவரிடம் தேதியாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நெருங்கிய உறவினருக்கு நோய் வந்த வயதிலிருந்து பத்தைக் கழித்துத் தொடங்குவது பரவலாக உள்ள வழக்கம். கண்காணிப்புக்கான மேமோகிராம் பொதுவாக 30க்கு முன் கிடையாது. தேதி கையில் இருந்தால் தினமும் நீங்களே காவல் காக்க வேண்டியதில்லை. அப்படியும் பயம் தணியாவிட்டால் அதையே ஒரு நோய்க்குறியாக மருத்துவரிடம் சொல்லுங்கள். அம்மாவை இழந்த துக்கம் பல நேரம் கட்டியின் பயமாக வெளிவருகிறது. அதற்கும் உதவி உண்டு.

எனக்கு பிஆர்சிஏ இருக்கு. பொண்ணுக்குப் பதிமூணு வயசு, மார்புல கட்டி மாதிரி இருக்குன்னு சொல்றா. அவளுக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?

முதலில் கட்டி. இந்த வயதில் காம்புக்குப் பின்னால், பல நேரம் ஒரு பக்கம் மட்டும், தொட்டால் வலிக்கும்படி தட்டுப்படுவது பெரும்பாலும் மார்பக மொட்டு. மார்பகம் வளரத் தொடங்குகிறது. குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் ஸ்கேன் போதும். அவசரப்பட்டு வெட்டி எடுக்க விடாதீர்கள். அந்த மொட்டு சேதமானால் அந்தப் பக்க மார்பகம் வளராமலே போகலாம்.

மரபணுச் சோதனை இப்போது வேண்டாம். அவள் வயதில் செய்யக்கூடிய தடுப்பு எதுவும் இல்லை, கண்காணிப்பு 25 வயதில்தான் தொடங்குகிறது. பதினெட்டு வயதுக்குப் பிறகு, எடுக்கலாமா வேண்டாமா என்று அவளே தீர்மானிக்கட்டும். அதுவரை அவளிடம் மறைக்கவும் வேண்டாம். பிள்ளைகள் வீட்டில் தணிந்த குரலில் பேசுவதை எப்படியும் கேட்டுவிடுவார்கள், பாதி கேட்டது முழுதாகத் தெரிந்ததை விடப் பயமுறுத்தும். "பாட்டிக்கு வந்த நோய்க்கான ஒரு காரணம் என்னிடமும் இருக்கு, நான் வருஷாவருஷம் பார்த்துக்கிறேன், உனக்கு இருக்கான்னு பெரியவளானதும் நீ பார்த்துக்கலாம்" என்ற அளவில் சொல்லுங்கள். அடுத்த எம்ஆர்ஐ நாளில் அவள் கேட்டால், எங்கே போகிறீர்கள் என்று உண்மையைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.